இருவருக்கு ஒரு மதிப்பெண்

பூம்புகாரில் மாதவி அரங்கேறியபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்றவள். சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்கிறது சிலப்பதிகாரம். பிறகு இந்திர விழாவில் கொடுகொட்டி, பாண்டரங்கம், குடம், குடை, மரக்கால், பேடி எனப் பதினோரு வகை ஆடல்களை, அவற்றுக்கு உரிய கோலத்தோடு அவள் ஆடுகிறாள். விழா காண வந்த விஞ்சையன் (வித்தியாதரன்) ஒருவன் தன் காதலிக்கு அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறான். சுற்றுக்கு ஒரு பாணி, பாணிக்கு ஒரு வேஷம், பக்கத்தில் வருணனை சொல்ல ஓர் ஆள். தொலைக்காட்சி நடனப் போட்டிக்குத் தேவையான சாமான்கள் அன்றே தயார்.

ஆனால் மாதவி தனியாக ஆடினாள். பரிசு யாருக்கு என்பதில் சிக்கல் எழவில்லை. 2005, 2006 வாக்கில் இந்தியத் தொலைக்காட்சிக்கு ஜோடி நடனப் போட்டி வந்தபோதுதான் கேள்வி இரட்டித்தது. பல பாணிகளை ஆடுபவரை எந்தக் கோலால் அளப்பது? ஆடுபவர் இருவராக இருந்தால், அதிலும் ஒருவர் தேர்ந்தவராகவும் மற்றவர் புதியவராகவும் இருந்தால், அந்த ஒற்றை மதிப்பெண் யாருடையது? இதற்கு நடுவர்களும் சேனல்களும் ரசிகர்களும் ஆய்வாளர்களும் வெவ்வேறு விடைகள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரலாறு உண்டு, ஓர் ஓட்டையும் உண்டு.

பத்து நடுவர்கள்

விடைகளில் மிகப் பழையது, நடுவர் யார் என்பதிலேயே தொடங்குகிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் ஆட்டத்தின் வெற்றியைப் பற்றித் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. சர்ச்சை வந்தால் தீர்ப்புச் சொல்லப் பத்து வகையினரை அது பரிந்துரைக்கிறது: வேள்வி அறிந்தவர், ஆடுநர், யாப்பு அறிந்தவர், இலக்கணம் அறிந்தவர், அரசர், வில்வித்தை அறிந்தவர், ஓவியர், கணிகை, இசைஞர், அரச சேவகர். மேடையில் வில் எடுத்தால் வில்லாளி பார்த்துச் சொல்வார். ஒப்பனையை ஓவியர் பார்ப்பார். காதல் உபசாரங்களைக் கணிகை பார்ப்பார். எல்லாம் அறிந்த ஒருவர் கிடையாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

அதே நூல் வெற்றியை இரண்டாகவும் பிரிக்கிறது. சிரிப்பு, ஆரவாரம், கைதட்டல், மோதிரமோ துணியோ கழற்றி வீசுவது இவையெல்லாம் மானிட வெற்றி. அரங்கு நிறைந்திருந்தும் சத்தமே எழாமல் இருந்தால் அது தெய்விக வெற்றி. தொலைக்காட்சியில் இந்த இரண்டாவது வகைக்கு இடமே இல்லை. மூன்று விநாடி அமைதி நிலவினால் எடிட்டர் அங்கே ஒரு கைதட்டல் ஒலியைச் செருகிவிடுவார்.

மூன்று நடுவர், ஆளுக்குப் பத்து, மொத்தம் முப்பது என்பது இந்தியச் சேனல்களில் பழகிப்போன கணக்கு. 2006 செப்டம்பரில் சோனியில் தொடங்கிய ‘ஜலக் திக்லா ஜா’வின் முதல் நடுவர்கள் ஃபரா கான், சஞ்சய் லீலா பன்சாலி, ஷில்பா ஷெட்டி. ஒரு நடன இயக்குநர், ஒரு திரைப்பட இயக்குநர், ஒரு நடிகை. பரதரின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு விசித்திரமான கூட்டணியும் அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. மூவரும் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். வில்லாளியே யாப்பையும் திருத்துகிறார்.

நுட்பக் கட்சி

இரண்டாவது விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஜோடியாக ஆடும் சமூக நடனத்துக்கு அங்கே 1920-களிலேயே ஆசிரியர் சங்கங்கள் பாடத்திட்டம் வகுத்துவிட்டன. வால்ட்ஸுக்குக் கால் எங்கே போகும், குதிகால் முதலா விரல்நுனி முதலா, தலை எந்தப் பக்கம் என்று எல்லாம் எழுதிவைக்கப்பட்டது. பிறகு சாம்பா, ரும்பா, சா-சா-சா முதலிய லத்தீன் நடனங்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. பி.பி.சி.யின் ‘கம் டான்சிங்’ இந்தப் போட்டிகளை ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், 1998 வரை, வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 2004 மே மாதம் அதே பி.பி.சி. ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்று பிரபலங்களைத் தொழில்முறை ஆடுநரோடு ஜோடி சேர்த்தது. அமெரிக்காவின் ‘டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்’, நம் ‘ஜலக்’ இரண்டும் அதன் குழந்தைகள்.

நுட்பக் கட்சியின் வலிமை, சரி தவறு என்று சொல்ல முடிவதுதான். குதிகால் தவறினால் மதிப்பெண் போகும். அழுதாலும் திரும்ப வராது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பாடத்திட்டத்தில் புகுந்த ரும்பா கியூபாத் தெருவின் ரும்பாவிலிருந்தும், சாம்பா ரியோவின் சாம்பாவிலிருந்தும் வெகுதூரம் விலகிவிட்டவை என்பதை நடன வரலாற்றாசிரியர்கள் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அளக்கத் தக்கதாக ஆக்குவதற்காகவே அவை மாற்றப்பட்டன என்றும் சொல்லலாம்.

இந்தியாவுக்கு இறக்குமதியானபோது வடிவம் வந்தது, பாடத்திட்டம் வரவில்லை. இங்கே ‘கன்டெம்பரரி’, ‘லிரிக்கல்’, ‘ஹிப்-ஹாப்’, ‘சல்சா’, ‘ஃபோக்’, ‘செமி கிளாசிக்கல்’, தமிழில் கூடுதலாகக் ‘குத்து’ என்று பெயர்கள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட சரி-தவறு கிடையாது. குத்தாட்டத்தில் தோளை எத்தனை பாகை குலுக்கினால் ஒன்பது, எத்தனை குலுக்கினால் பத்து? அதனால் நடுவர்கள் ‘எனர்ஜி’, ‘கெமிஸ்ட்ரி’, ‘கிரேஸ்’, ‘எக்ஸ்பிரஷன்’ போன்ற சொற்களைச் சார்ந்தே தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது.

மற்ற மேடைகளும் இதில் சுகமாக இல்லை. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பனிச்சறுக்குத் தீர்ப்பில் ஊழல் வெடித்து, இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகு பழைய ஆறு புள்ளி முறையே தூக்கி எறியப்பட்டு, நுட்பத்துக்குத் தனி, ஆட்டத்தின் பிற கூறுகளுக்குத் தனி என்று கணக்குப் பிரிக்கப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நுழைந்தபோது நுட்பம், அசைவுகளின் வளம், செய்நேர்த்தி, இசையோடு இணைவு, தனித்தன்மை என ஐந்து அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். பத்துக்கு எத்தனை என்று அங்கே கேட்கவில்லை. இவரா அவரா என்று ஒப்பிட்டார்கள். இந்தியச் சேனல்களுக்கு இந்த ஒப்பீட்டு முறை ஏன் கவர்ச்சியாகப் படவில்லை என்பது யோசிக்க வேண்டியது. பத்து என்ற எண்ணைத் தூக்கிக் காட்டும்போது கிடைக்கும் இசையதிர்வு ஒருவேளை காரணமாக இருக்கலாம்.

பல பாணி: வித்தையா, வேஷமா?

பாணி மாற்றம்தான் இந்தப் போட்டிகளின் உயிர்நாடி. விஜய் டிவி 2006-இல் தொடங்கிய ‘ஜோடி நம்பர் ஒன்’, கலைஞர் தொலைக்காட்சியில் 2007 முதல் நடன இயக்குநர் கலா மாஸ்டர் நடத்திய ‘மானாட மயிலாட’, பிற்பாடு ஜீ தமிழின் ‘டான்ஸ் ஜோடி டான்ஸ்’ ஆகிய எல்லாவற்றிலும் ரெட்ரோ ரவுண்டு, ஃபோக் ரவுண்டு, கெட்டப் ரவுண்டு, ப்ராப்பர்ட்டி ரவுண்டு என்று சுற்றுக்கள் சுழன்றன. ஆதரிப்பவர் வாதம் எளிது: ஒரே குத்தை வைத்து ஒப்பேற்ற முடியாது, எல்லாம் ஆடத் தெரிந்தால்தான் கடைசிவரை போக முடியும். பதினோராடல் ஆடிய மாதவிக்குக் கிடைத்த மரியாதை இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது.

எதிர்த்தரப்பு செவ்வியல் ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. பரதநாட்டியத்தில் அடவுகளை மட்டும் படிய வைக்கவே ஆண்டுகள் ஆகும். அதன்பின் அலாரிப்பு, ஜதீஸ்வரம், வர்ணம். ஒரு வாரத்தில் அரைமண்டியும் நேராகாது. அப்படியிருக்க, கிளாசிக்கல் ரவுண்டில் மக்கள் பார்ப்பது பரதமா, பரதத்தின் உடையா?

நடன இயக்குநர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். துண்டு இரண்டு, இரண்டரை நிமிடம். எட்டெட்டு எண்ணிக்கைகளாகப் பிரிப்பார். பாட்டின் தொடக்கத்தில் புதியவர் அசையாமல் நிற்பார். முகம் மட்டும் குளோசப்பில். சுற்றி ஓடி, சுழன்று, தரையில் உருண்டு வருபவர் தேர்ந்தவர். பல்லவியில் இருவருக்கும் சேர்த்து நான்கே அசைவு, அதையே திரும்பத் திரும்ப. வீட்டில் பார்ப்பவர் மனதில் நிற்பது அதுதான். இசை ஏறும் இடத்தில் ஒரு லிஃப்ட். தூக்குபவர் முட்டியை மடக்கி இறங்க, தூக்கப்படுபவர் அதே எண்ணிக்கையில் எம்பினால் பாதி எடை காற்றில் போய்விடும். அரை எண்ணிக்கை தவறினால் முழு எடையும் முதுகில் விழும். ஆகவே ஒத்திகையின் பெரும்பகுதி இந்த ஒரு லிஃப்டுக்கே போகிறது. கடைசி எட்டில் புகை, வேகமான கட், இருவரும் மூச்சிரைக்க நிற்கும் போஸ். பாணி எதுவானாலும் எலும்புக்கூடு ஏறத்தாழ இதுவே. கதக் என்றால் சுழற்சி சில கூடும், சல்சா என்றால் இடுப்பசைவு கூடும்.

இந்த எலும்புக்கூட்டைத் தெரிந்தவருக்கு ஒரு முடிவு தவிர்க்க முடியாதது. பல பாணிச் சுற்றுக்கள் பெருமளவு சோதிப்பது ஆடும் பிரபலத்தை அல்ல. அவருக்குத் தெரியாததை மறைக்கத் தெரிந்த நடன இயக்குநரை. மதிப்பெண் பலகையில் பளிச்சிடுவது பிரபலத்தின் பெயர்.

‘ஃபோக்’ என்ற ஒற்றைப் பெட்டி இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. கரகம், ஒயிலாட்டம், பறை, ராஜா ராணி ஆட்டம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. கிராமத்து ஜோடி ஆட்டமான குறவன் குறத்தி ஆட்டம், ஒரு சமூகத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்ற நீண்ட எதிர்ப்புக்குப் பின், 2023-இல் தமிழக அரசால் தடைசெய்யப்பட்டது. மேடையில் ஒரு பாணியை எடுத்து ஆடுவது யாருடைய வாழ்க்கையை வேஷமாக்குவது என்ற கேள்வியை நடுவர் மேசைகள் அநேகமாகத் தொட்டதே இல்லை.

எவ்வளவு தூரம் வந்தார்?

மூன்றாவது விடை, ஆட்டத்தை விட்டுவிட்டு ஆடுபவரின் வளர்ச்சியை அளக்கச் சொல்கிறது. முதல் வாரம் இடது கால் வலது கால் தெரியாதவர் பத்தாம் வாரம் சுழல்கிறார் என்றால் அதுதான் சாதனை. ‘ஜலக்’கின் மூன்றாம் பருவத்தை 2009-இல் வென்றவர் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா, நடன இயக்குநர் சோனியா ஜாஃபரோடு ஆடினார். பயிற்சி பெற்ற ஆடுநர் ஒருவரை அவரோடு நேருக்கு நேர் வைத்தால் நுட்பக் கட்சி யாரைத் தேர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பார்வையாளர் பயணத்தைத் தேர்ந்தார்கள்.

2021-இல் ‘ஸ்ட்ரிக்ட்லி’யை வென்ற ரோஸ் எய்லிங்-எல்லிஸ் காது கேளாதவர். 2024-இல் வென்ற நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் மெக்காஸ்லண்ட் பார்வையற்றவர். இசை கேட்காமல், ஆடுதளம் தெரியாமல் ஆடுவது எப்படி என்பதை இந்த ஜோடிகள் நாடு முழுக்கக் காட்டின. ஜோடி நடனத்துக்கே உரிய ஒரு விஷயம் அங்கே தெளிவாகியது: கையழுத்தமும் மூச்சும் செய்தி கடத்துகின்றன, கண்ணும் காதும் மட்டுமே வழியல்ல. வளர்ச்சிக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இருந்தாலும் வளர்ச்சியை அளக்கத் தொடக்கப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாதவர்போல் முதல் வாரம் ஆடுவது ஒன்றும் கடினமல்ல. நடனப் பின்னணி உள்ளவர் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போவதும், இல்லாதவர் மூன்றிலிருந்து எட்டுக்குப் போவதும் ஒப்பிடத்தக்கவையா என்று கேட்டால் நேரான பதில் இல்லை. வயதும் குறுக்கே வருகிறது. 2022-இல் ‘ஜலக்’ பத்தாம் பருவத்தைக் குவாஹாத்தியைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி குஞ்சன் சின்ஹா, தேஜஸ் வர்மாவுடன் ஆடி வென்றார். ஆட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பிஞ்சுகளும் நாற்பது வயது நடிகர்களும் ஒரே அட்டவணையில் எப்படி என்ற முணுமுணுப்பு எழுந்தது. நடனப் போட்டிகளில் குழந்தைகளை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனிலேயே சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஜோடிப் பொருத்தம்

நான்காவது விடை முழுக்க இந்தியச் சரக்கு. ஸ்டார் ஒன் சேனலில் 2005 அக்டோபரில் தொடங்கிய ‘நாச் பலியே’, பிரபலத்தையும் பயிற்சியாளரையும் ஜோடி சேர்க்கவில்லை. நிஜத் தம்பதிகளையும் காதலர்களையும் மேடையேற்றியது. முதல் பருவத்தை மராத்தி, இந்தித் திரையில் மூத்தவர்களான சச்சின் - சுப்ரியா பில்காவ்ங்கர் தம்பதி வென்றனர். தமிழில் ‘ஜோடி நம்பர் ஒன்’ சீரியல் நடிகர்களைச் சேர்த்து ஆடவைத்தது. அதன் முதல் பருவத்தையும் நிஜத் தம்பதியான ராகவ் - ப்ரீத்தாவே வென்றார்கள். இரண்டும் ஒன்றாக நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இல்லை, வீட்டில் பார்ப்பவருக்குப் பிடித்தது ஆட்டத்துக்குப் பின்னால் உள்ள குடும்பம்தான் என்றும் வாதிடலாம்.

பொருத்தம் கலையாக முடியும் என்பதற்கு மேடையிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. கலாக்ஷேத்திராவில் பயின்ற வி.பி. தனஞ்செயன் - சாந்தா தம்பதி 1968-இல் சென்னையில் பரத கலாஞ்சலியைத் தொடங்கி, தனி ஆட்டமாக அறியப்பட்ட பரதத்தில் இணை ஆட்டத்துக்கு ஒரு பாதை போட்டார்கள். தில்லியில் குச்சிப்புடியை நிலைநாட்டிய ராஜா - ராதா ரெட்டியின் ஆட்டத்தில் ஒருவர் முடிக்கும் ஜதியின் கடைசிச் சொல்லிலிருந்து மற்றவர் எடுப்பார். ஆண்டாண்டுகளாக ஒரே தாளத்தில் நடந்தவர்களுக்கு வரும் அமைதி அது. ‘கெமிஸ்ட்ரி’ என்று நடுவர்கள் தேடுவது இதைத்தானென்றால் தேடல் நியாயமே.

தொலைக்காட்சி தேடியது பலமுறை வேறு. 2019-இல் வந்த ‘நாச் பலியே’யின் ஒன்பதாம் பருவம் பிரிந்துபோன பழைய ஜோடிகளையும் அழைத்து ஆடவைத்தது. மேடைச் சண்டை நிகழ்ச்சியின் அம்சமானது. பரிசு வென்ற ஜோடிகளில் சிலர் பிற்பாடு பிரிந்தும் விட்டார்கள். பெயர் சொல்லிப் புண்ணியமில்லை. அன்றைக்கு மேடையில் தெரிந்த பொருத்தம் பொய் என்றும் அதனால் ஆகிவிடாது. மேடைப் பொருத்தமும் வாழ்க்கைப் பொருத்தமும் ஒன்று என்று சேனல் வைத்த அனுமானம்தான் தளர்கிறது.

தமிழ் ரசிகர்கள் இன்றும் மறக்காத காட்சி ஒன்று உண்டு. ‘ஜோடி நம்பர் ஒன்’ இரண்டாம் பருவத்தில் நடுவராக இருந்த சிலம்பரசனுக்கும் போட்டியாளர் பப்லு பிருத்விராஜுக்கும் ஆட்டத்தைப் பற்றிய விமர்சனத்தில் தொடங்கி வாக்குவாதம் முற்ற, சிலம்பரசன் கண்கலங்கினார். அது நிஜமா, ஏற்பாடா என்று பதினைந்து ஆண்டுகள் கழித்தும் விவாதம் ஓயவில்லை. மீம்களாக இன்னும் சுற்றுகிறது. அன்று ஆடப்பட்ட நடனம் என்ன பாணி என்று கேட்டால் சொல்லக்கூடியவர் அரிது.

இணை என்றால் ஆணும் பெண்ணும்தானா என்ற வினாவும் இங்கே நிற்கிறது. ‘ஸ்ட்ரிக்ட்லி’யில் 2020-இல் குத்துச்சண்டை வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸ், காட்யா ஜோன்ஸுடன் ஆடினார், அடுத்த ஆண்டு இரு ஆண்கள் கொண்ட ஜோடி இறுதிச் சுற்றுவரை போனது. யார் நடத்துவது, யார் பின்தொடர்வது என்ற பழைய பாடத்திட்டமே அங்கே மறுபரிசீலனைக்கு வந்தது. ஆண் பெண் வேஷமிட்டு ஆடும் நெடிய மரபு நம் கூத்துக்கு இருந்தும், இந்திய ஜோடி மேடைகள் பெரும்பாலும் கணவன் - மனைவி, காதலன் - காதலி சட்டகத்தை விட்டு நகரவில்லை.

வாக்குப் பெட்டி

ஐந்தாவது விடை சண்டையை முடிக்க வந்து, பெரிதாக்கியது: மக்களே சொல்லட்டும். எஸ்.எம்.எஸ். காலத்தில் தொடங்கி இன்று செயலிகள்வரை வந்திருக்கிறது. நடுவர்கள் எட்டு, ஒன்பது, பத்து என்று நெருக்கமாகப் போட்டால் அவர்கள் தீர்ப்பின் எடை குறைந்துபோகும். வாக்கே முடிவு செய்யும். கண்டிப்பாகப் போட்டால் ‘அநியாயம்’ என்ற கூச்சல்.

வாக்கு ஆட்டத்துக்கு மட்டும் விழுவதில்லை என்பதற்கு உதாரணம் நிறைய. 2007-இல் ‘இந்தியன் ஐடல்’ பாட்டுப் போட்டியில் டார்ஜிலிங் மலைப்பகுதியே திரண்டு பிரசாந்த் தமாங்கை வெல்ல வைத்தது. இங்கிலாந்தில் 2008 ‘ஸ்ட்ரிக்ட்லி’யில் பத்திரிகையாளர் ஜான் சார்ஜென்ட் நடுவர்களிடம் அடிமட்ட மதிப்பெண் வாங்கியும் மக்கள் வாராவாரம் காப்பாற்றினார்கள். வென்றுவிடுவோமோ என்ற சங்கடத்தில் அவரே விலகிக்கொண்டார். அமெரிக்காவில் 2018 ‘டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில் வானொலி அறிவிப்பாளர் பாபி போன்ஸ் குறைந்த மதிப்பெண்களோடு பட்டத்தையே வென்றார். அடுத்த பருவத்தில் கடைசி இருவரில் யாரைக் காப்பது என்ற அதிகாரம் நடுவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

கணக்கும் சில நேரம் காலை வாரும். 2008 ‘ஸ்ட்ரிக்ட்லி’ அரையிறுதியில் மூன்று ஜோடிகள். நடுவர்கள் இரண்டு ஜோடிக்கு ஒரே முதலிடம் கொடுத்ததால் அவர்களுக்குத் தலா மூன்று புள்ளி, மூன்றாம் ஜோடிக்கு ஒன்று. மக்கள் வாக்கில் முதலிடம் வந்தாலும் மூன்றாம் ஜோடிக்குக் கிடைப்பது நான்கே. மற்ற இரு ஜோடிகளுக்கும் குறைந்தபட்சம் நான்கு உறுதி. எத்தனை கோடி வாக்கு விழுந்தாலும் மூன்றாம் ஜோடி, கடைசி இருவர் ஆடும் வெளியேற்றச் சுற்றிலிருந்து தப்ப முடியாது. நேரலையில் இதைக் கண்டுபிடித்த பி.பி.சி. மூன்று ஜோடியையும் இறுதிக்கு அனுப்பியது. அந்த மூன்றாம் ஜோடியின் டாம் சேம்பர்ஸ்தான் கடைசியில் கோப்பையைத் தூக்கினார்.

நடுவர் பக்கமும் சாய்வற்றதல்ல. யூரோவிஷன் பாட்டுப் போட்டி, பனிச்சறுக்குப் போட்டி ஆகியவற்றின் மதிப்பெண்களை ஆராய்ந்து வாண்டி ப்ருயின் டி ப்ருயின் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பிறகு வருபவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக விழும் போக்கைக் காட்டியது. ‘ஐடல்’ நிகழ்ச்சிகளை ஆராய்ந்தவர்களும் வரிசையில் பின்னால் வருவோர் தப்புவது அதிகம் என்றே கண்டார்கள். யார் எப்போது ஆடுவது என்பதைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். ஆக, மதிப்பெண் பலகைக்கு முன்பே ஒரு மதிப்பெண் போடப்பட்டுவிடுகிறது.

துவாரகாவில் வந்து சேர்ந்த வடிவம்

தொலைக்காட்சியின் விடைகள் தெருவுக்கு வரும்போது என்ன ஆகின்றன என்று பார்க்க தென்மேற்குத் தில்லியின் துவாரகா நல்ல இடம். தில்லி வளர்ச்சி ஆணையம் செக்டர் செக்டராக வகுத்த துணைநகரம்; அடுக்கடுக்காகக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள். ‘நாச் பலியே’ தொடங்கிய 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் மெட்ரோவின் நீலத்தடம் இங்கே வந்தது. பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளியரும் தமிழரும் ஒரே கேட்டுக்குள் வாழும் இந்த வளாகங்களில், ஒரே வீட்டிலேயே பாட்டி தமிழ் ஜோடியையும் பேத்தி இந்தி ஜோடியையும் பார்க்கும் நிலை இயல்பு.

தீபாவளி மேளா, தீஜ், புத்தாண்டு, கல்யாணத்துக்கு முந்தைய சங்கீத் என்று எதிலும் ‘கப்பிள் டான்ஸ்’ ஓர் அங்கமாகிவிட்டது. மேடை ஏறுபவர் ஐம்பது வயது வங்கி அதிகாரியும் மனைவியுமாக இருக்கலாம். ஒரு ரெட்ரோ துண்டு, ஒரு பாங்க்ரா துண்டு, நடுவில் மெதுவான ஓர் ஆங்கிலப் பாட்டு, முடிவில் லிஃப்ட் போல ஒரு பாவனை. இடுப்பு வலிக்குப் பயந்து பாதியிலேயே இறக்கிவிடப்படும். பாணிகளை வெட்டி ஒட்டும் இந்த ‘மெட்லி’ தொலைக்காட்சி கற்றுக்கொடுத்தது. சொல்லித்தருபவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்து நடன வகுப்பு ஆசிரியர். வாரநாளில் குழந்தைகளுக்கு பாலிவுட், சனி ஞாயிறில் சங்கீத் கொரியோகிராஃபி.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மேடைகள் மதிப்பெண்ணை இறக்குமதி செய்யவில்லை. முதல் மூன்று பரிசு, மற்றவர்க்கெல்லாம் ஆறுதல் பரிசு, மூத்த தம்பதிக்கு ஒரு சிறப்புப் பரிசு என்றே பொதுவாக முடிகிறது. மறுநாள் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவர்கள் முப்பதுக்கு பதினாறு போட மாட்டார்கள். நுட்பம், வளர்ச்சி, பொருத்தம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு பித்தளைக் கோப்பை வாங்கிவிடுவது, கொள்கை அளவில், பரதரின் பத்து நடுவர் யோசனைக்கு ‘ஜலக்’கின் முப்பதைவிட நெருக்கமானது. ஆனால் எல்லாருக்கும் பரிசு உண்டென்றால், எது நல்ல ஆட்டம் என்ற பேச்சே எழாமல் போகிறது என்பது இதன் குறை.

தீராதவை

இத்தனை விடைகளில் எதுவும் முழுத் தவறல்ல. தனித்து எதுவும் போதவில்லை. நுட்பத்தையும் வளர்ச்சியையும் ஒரே எண்ணில் கலப்பதை நிறுத்தினால் பாதிச் சண்டை குறையும் என்று கருத இடமுண்டு. பனிச்சறுக்கு அதைச் செய்துவிட்டது. தொலைக்காட்சி செய்தால் பத்தைத் தூக்கிக் காட்டும் அந்தக் கணம் போய்விடும் என்பதால் தயங்குகிறது போலும். சேனல்கள் வாக்கு விவரத்தை முழுதாக வெளியிடுவது வழக்கமில்லாததால், எந்த வாரம் நடுவரும் மக்களும் எவ்வளவு விலகினார்கள் என்று வெளியிலிருந்து ஆராய வழியும் குறைவு.

அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஜோடியில் உள்ள மூன்றாவது ஆள். ‘ஜலக்’ போன்றவற்றில் நடன இயக்குநரே கூட ஆடுகிறார் என்பதால் முகமாவது தெரிகிறது. வாராவாரம் புதுத் துண்டு கட்டி, பயிற்சியும் கொடுத்து, கூடவே ஆடி, பாராட்டு வரும்போது ஓரடி பின்னால் நிற்பவர் அவர். பிரபலங்கள் இருவர் ஆடும் வடிவங்களில் அவர் பெயர் திரையின் அடியில் சில விநாடி ஓடிவிட்டுப் போகும். பயிற்சி அறைக்குள் நடப்பதும் நெடுங்காலம் யாரும் பார்க்காத பகுதியாகவே இருந்தது. பயிற்சியாளர் சிலரின் நடத்தை பற்றிப் புகார்கள் எழுந்தபின், 2024-இல் பி.பி.சி. பயிற்சியின்போது தயாரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது.

துண்டைக் கட்டியவரின் உரிமை என்று வந்தால், 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்திலோ வேறு விதத்திலோ நிலைப்படுத்தப்பட்ட நடன அமைப்பையும் நாடகப் படைப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த வரையறை திரைப்படத்தை விலக்குகிறது. ஏழு நாளில் கட்டி, ஒருமுறை ஆடி, ஒளிப்பதிவில் மட்டும் எஞ்சும் இரண்டரை நிமிடத் துண்டு இதில் எந்தப் பக்கம் விழும், அதை இன்னொரு மேடையில் அப்படியே ஆடினால் கட்டியவருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் இந்த நிகழ்ச்சிகளைச் சுற்றி இன்னும் தெளிவாக்கப்படாத கேள்விகள்.